ஏழாவது தாள்

“சார், தப்பா நினைக்காதீங்க. இத்தனை கட்டு இருக்கே, இதுல ஒருத்தராவது நிஜமா தப்பு பண்ணியிருப்பாங்களா?”

கேட்டது விசில். பதினான்கு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன். வேலை போய்விட்டது, பெயர் மட்டும் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

வக்கீல் தன் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். நீல நாடா கட்டியவை டாக்டர்கள். பச்சை, இன்ஜினியர்கள். சிவப்பு நாடா முழுக்க நகராட்சி, குடிநீர் வாரியம், பள்ளி நிர்வாகம். முப்பத்தொரு வருடம் தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருந்தது.

“எல்லாருமே ஏதோ ஒரு தப்பு பண்ணவங்கதான். தப்பு பண்ணவங்களுக்குப் பக்கத்துலயும் ஒருத்தர் நிக்கணும்ல? அந்த வார்டுல நாற்பது கட்டில். ஒரே ஒரு நர்ஸ். ஊரே அவளைத் தூக்கி எறியத் தயாரா இருக்கு. நான் நிக்கலைன்னா யார் நிப்பா?”

“சரிதான் சார். எனக்குப் பக்கத்துல யாரும் நிக்காததாலதான் என் வேலை போச்சு.”

“உனக்குப் பக்கத்துல ஒரே பஸ்ல நூத்திப் பத்து பேர் நின்னாங்க. அதனாலதான் போச்சு,” என்றார் டீச்சர்.

இருபத்தாறு வருடம் கணக்குப் பாடம் நடத்திவிட்டு, விடைத்தாளுக்குப் பதிலாக மனிதர்களைத் திருத்த வந்தவர் டீச்சர். இப்போது அவர் மடியில் இருந்தது திங்கட்கிழமை நீதிமன்றத்தில் நடந்த குறுக்கு விசாரணையின் நகல். தன் கேள்விகள் முன்கூட்டியே எப்படி வெளியே போயின என்று கண்டுபிடிக்கத்தான் வக்கீல் அவரை அழைத்திருந்தார்; விசில் அவருக்குத் துணை.

வழக்கு இதுதான். ஒரு தையல்காரம்மாவின் ஆறு வயது மகள் நகராட்சி மருத்துவமனையில் இறந்துபோனாள். கட்டிலுக்கு மேலிருந்த அழைப்பு மணி வேலை செய்யவில்லை, நர்ஸைத் தேடிக்கொண்டு ஓடினேன், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது என்கிறாள் தாய். நகராட்சிக்கும் நர்ஸுக்கும் வக்கீல் இவர்.

இவருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேள்விக்கு ஒரு தாள். மேல் பாதியில் கேள்வி, கீழ் பாதியில் சாட்சி என்ன பதில் சொல்வார் என்ற ஊகம். இந்த வழக்குக்கு ஏழு தாள். திங்கட்கிழமை ஆறு கேள்வி கேட்டார். ஆறுக்கும் அந்தத் தையல்காரம்மா, முதல் நாளே கேட்டுவிட்டுத் தூங்கி எழுந்தவள் போலப் பதில் சொன்னாள்.

“ஏழாவது நாளைக்குக் காலையில பத்தரைக்கு. வழக்கே அந்தக் கேள்வியிலதான் இருக்கு. அதுவும் வெளியே போயிருந்தா, அந்த நர்ஸ் கதை முடிஞ்சது,” என்றார் வக்கீல்.

“ஏழாவது என்ன கேள்வி?”

“அதை உங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். பீரோ சாவி குமாஸ்தாகிட்டதான் இருக்கு. இருபத்தஞ்சு வருஷமா கூட இருக்கிறவன். சாயங்காலத்துக்குள்ள நீங்க வேற பேர் சொல்லலைன்னா, சாவியை வாங்கிக்கிட்டு அவனை அனுப்பிடுவேன்.”

அதே நேரம் குமாஸ்தா உள்ளே வந்து, மடித்துக் குண்டூசி குத்திய ஒரு சீட்டை நீட்டினார். வக்கீல் பேச்சை நிறுத்தாமல், பார்க்காமல், வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

“படிக்க மாட்டீங்களா சார்?” என்றான் விசில்.

குமாஸ்தாதான் பதில் சொன்னார். “பேசிக்கிட்டிருக்கும்போது சார் எதையும் படிக்க மாட்டார். கோர்ட்ல வந்த பழக்கம். கேள்வி நடக்கும்போது என்ன சீட்டு கொடுத்தாலும் பாக்கெட்டுக்குத்தான். முடிஞ்சப்புறம்தான் எடுப்பார்.”

“குண்டூசி எதுக்கு? பறந்து போயிடுமா?”

“எதிர்க்கட்சி வக்கீல் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாரே. அவர் கண்ணு சும்மா இருக்குமா?”

தன் சாவிக்கு வந்திருக்கும் ஆபத்து தெரியாமல் அவர் வெளியே போனார்.

டீச்சர் சுவர்க் கொக்கியில் தொங்கிய கறுப்பு கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழசாகிப் பழசாகிப் பச்சை பாய்ந்திருந்தது. வலது பாக்கெட்டின் தையல் மட்டும் புத்தம் புதிது. ஒவ்வொரு தையலும் எறும்பு வரிசை மாதிரி. கடைசியில் சிறிய ஒரு பெருக்கல் குறி.

“யார் தைச்சது?”

“வீட்டுல பார்த்துப்பாங்க. முதல் வழக்குக்கு என் மனைவி வாங்கிக் கொடுத்த கவுன். இன்னும் மாத்தலை.”

“என் கல்யாணமே இவ்வளவு நாள் ஓடலை சார்,” என்றான் விசில்.

டீச்சர் நகலின் ஒரு வரியில் விரலை வைத்தார். “நாலாவது கேள்வி. ‘நீங்கள் வார்டுக்கு வெளியே பன்னிரண்டு நிமிடம் இருந்தீர்கள். எங்கே போனீர்கள்?’ அதுக்கு அந்தம்மா, ‘அந்த எட்டு நிமிஷமும் நான் மாடி ஏறி இறங்கி நர்ஸைத் தேடினேன்’னு சொல்றாங்க. நீங்க பன்னிரண்டுன்னு கேட்டதுக்கு அவங்க ஏன் எட்டுக்குப் பதில் சொன்னாங்க?”

“குறைச்சுச் சொல்றா. சாட்சிங்க எல்லாரும் பண்றதுதான்.”

“கடிகாரமே பார்க்கலைன்னு ரெண்டாவது கேள்விக்குச் சொல்லியிருக்காங்களே. எட்டு எங்கேருந்து வந்தது?”

வக்கீல் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஞாயித்துக்கிழமை நான் எழுதும்போது எட்டுன்னுதான் எழுதினேன். திங்கக்கிழமை காலையில வார்டு ரிஜிஸ்டரை வீட்டுக்கே கொண்டுவந்தாங்க. அதுல பன்னிரண்டு. அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுதினேன். அடிச்சுத் திருத்தின தாளோட நான் கோர்ட்ல எழுந்திருக்க மாட்டேன்.”

“அப்போ ஆபீஸ்ல இருக்கிறவங்க பார்த்தது?”

“பன்னிரண்டு மட்டும்தான்.”

“குமாஸ்தா சாவியை அவர்கிட்டயே விட்டுடுங்க,” என்றார் டீச்சர். “காப்பி அடிக்கிற பிள்ளை சரியான விடையை மட்டும் எடுக்காது. பக்கத்துல இருக்கிறவனோட தப்பையும் சேர்த்துத்தான் எழுதும். அந்த எட்டு, ஞாயித்துக்கிழமையோட தப்பு. அன்னைக்கு அந்தத் தாளை யார் பார்த்தாங்க?”

“யாரும் பார்க்கலை.”

“வீட்டுல யார் இருந்தாங்க?”

“யாரும் இல்லை. என் மனைவி மட்டும்தான்.”

டீச்சர் அந்த இரண்டு வாக்கியங்களையும் தன் நோட்டில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டார்.

*

தையல் கடையின் கதவைத் தொட்டதுமே மணி அடித்தது. உள்ளே தையல்காரம்மா தலையைத் தூக்கி, மணியைப் பார்த்துவிட்டுத்தான் வந்தவர்களைப் பார்த்தாள்.

“சத்தம் ஜோரா இருக்கே,” என்றான் விசில்.

“தினமும் காலையில அடிச்சுப் பார்ப்பேன்.”

விசில் சட்டையில் பொத்தான் ஒன்று அறுந்துவிட்டது என்று காட்டினான். அறுத்தது அவனேதான், வாசலில் நின்று. அவள் ஊசியில் நூல் கோத்து நான்கு குத்தில் தைத்து முடித்தாள். கடைசியில் நூலை இழுத்து, சிறிய ஒரு பெருக்கல் குறி.

“இதே முடிச்சை இன்னைக்கு ஒரு கறுப்பு கவுன்ல பார்த்தேன்,” என்றார் டீச்சர்.

அவள் கை நின்றது. “நானும் பார்த்தேன். கூண்டுல நின்னுக்கிட்டு. நான் தைச்ச பாக்கெட்டே எதிர்ல நின்னு என்னைக் கேள்வி கேட்டுச்சு,” என்றாள்.

“யார் கொண்டுவந்தாங்க?”

“ஒரு அம்மா. பேர் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி இருக்கும். பாக்கெட் ஓட்டையா இருக்கு, உட்கார்ந்து வாங்கிட்டுப் போறேன்னாங்க. நான் தைக்கத் தைக்க, ‘நாளைக்கு உன்னை இதெல்லாம் கேட்பாங்கம்மா, நடுங்காம நடந்ததைச் சொல்லு’ன்னு ஒண்ணொண்ணா சொன்னாங்க. பொய் எதுவும் சொல்லித் தரலை.”

“எட்டு நிமிஷம்னு நீங்க சொன்னது?”

“எட்டு நிமிஷம்னு கேட்பாங்கன்னு அவங்கதான் சொன்னாங்க. எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு அது ஒரு வருஷம் மாதிரி இருந்தது.”

“எத்தனை கேள்வி சொன்னாங்க?”

“ஆறு. ஏழாவது ஒண்ணு இருக்குன்னாங்க. சொல்லத்தான் வாயைத் திறந்தாங்க, வரலை. ‘அதுக்கு என்கிட்டயே பதில் இல்லைம்மா’ன்னு சொல்லிட்டுக் கவுனை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.” அவள் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். “அது என்ன கேள்வின்னு உங்களுக்குத் தெரியுமா? நாளைக்குக் கேட்பாங்க இல்ல?”

“தெரியாதும்மா.”

தையல்காரம்மா பொத்தான் டப்பாவைக் கிளறி, மடித்த ஒரு சின்னக் காகிதத்தை எடுத்தாள். “இது அந்தக் கவுனோட உள்துணிக்குள்ள கிடந்தது. பாக்கெட் ஓட்டை வழியா விழுந்திருக்கும். அவங்க அழுதுக்கிட்டிருந்தாங்களா, கொடுக்க மறந்துட்டேன். நீங்க கொடுத்துடுங்க.”

மஞ்சள் பாய்ந்த சீட்டு. குண்டூசி குத்தியிருந்தது. வெளிப்பக்கம் குமாஸ்தாவின் கையெழுத்தில் ‘சார்’ என்று ஒரு சொல், கீழே ஒரு தேதி. பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

வெளியே வந்ததும் விசில், “பிரிச்சுப் பாருங்க டீச்சர்,” என்றான்.

டீச்சர் அதை வெளிச்சத்தில் பிடித்து ஊசியைப் பார்த்தார். பிரிக்காமல் கைப்பைக்குள் வைத்தார்.

*

கதவைத் திறந்த வக்கீலின் மனைவி, “வாங்க. இன்னும் ஒரு நாள் ஆகும்னு நினைச்சேன்,” என்றார்.

சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. ஒன்றுக்குக் கைப்பிடி உண்டு, மெத்தை உண்டு. மற்றது வெறும் மர நாற்காலி. அவர் அதில் உட்கார்ந்தார்.

“இதுதான் கூண்டு. முப்பத்தொரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா நான்தான் எதிர்க்கட்சி. அவர் கேட்பார், நான் பதில் சொல்லணும். ஆபரேஷன்ல கண்ணு போன கிழவனா இருந்திருக்கேன். பாலம் இடிஞ்சு கால் போன லாரி டிரைவரா இருந்திருக்கேன். குழாய்த் தண்ணியால மூணு மாசம் படுத்த படுக்கையா கிடந்திருக்கேன். எல்லா வழக்குலயும் தோத்தது நான்தான். தோத்துட்டு எழுந்து போய் ஜெயிச்சவருக்குக் காபி போட்டுக் கொடுப்பேன்.”

“அவர் யாரும் தாளைப் பார்க்கலைன்னார்,” என்றார் டீச்சர்.

“நிஜம்தான். நான் பார்க்கலையே. கேட்டேன்.”

விசில் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

“இத்தனை வருஷம் வெளியே சொல்லாதவங்க, இந்த வழக்குல ஏன்?” என்றார் டீச்சர்.

வக்கீலின் மனைவி மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “எங்களுக்கு ஒரு பையன் இருந்தான். நாலு வயசு. ஜுரம்னு படுத்திருந்தான். மாத்திரை வாங்கக் கீழே கடைக்குப் போனேன். பத்து நிமிஷம் இருக்கும். திரும்பி வந்தா வலிப்பு. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆச்சு. சாயங்காலம் அவர் என் பக்கத்துல வந்து உட்கார்ந்தார். ஏன் கீழே போனே, எத்தனை மணிக்குப் போனே, எதுவும் கேட்கலை. அன்னைக்கு இல்லை, அப்புறம் என்னைக்குமே இல்லை. கேள்வி கேட்கிறதே தொழில்னு இருக்கிற மனுஷன் என்னை மட்டும் ஒரு கேள்வி கேட்கலை. இவ்வளவு வருஷமும் அதைத்தான் நான் பிரியம்னு நினைச்சேன்.”

“ஞாயித்துக்கிழமை கேட்டுட்டார்,” என்றார் டீச்சர் மெதுவாக.

“ஏழாவது தாள். ‘நீங்கள் பக்கத்திலேயே இருந்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும், இல்லையா?’ முகம் மாறாம படிச்சார். எனக்கு வாயே வரலை. அவர் சந்தோஷமா, ‘இதுதான், இந்த மௌனம்தான் வேணும்’னு சொல்லி, தாளோட கீழ்ப் பாதியில எழுதிக்கிட்டார். அந்தப் பொண்ணு நாளைக்குப் பதில் சொல்ல முடியாம நிப்பா. நான் நின்னேனே, அது மாதிரி.”

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. வக்கீல் கவுனைத் தோளில் போட்டுக்கொண்டு, பையோடு உள்ளே வந்தார். டீச்சரைப் பார்த்ததும், “பேர் கிடைச்சுதா?” என்றார்.

“நான்தாங்க,” என்றார் மர நாற்காலியில் இருந்தவர்.

வக்கீல் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததால் சிரிப்பு பாதியில் நின்றது.

“சார், ஏழாவது தாளை எடுத்து அவங்களுக்கு இன்னொரு தடவை படிச்சுக் காட்டுங்க,” என்றார் டீச்சர்.

அவர் பையைத் திறந்தார். தாளை எடுத்தார். “நீங்கள் பக்கத்திலேயே இருந்திரு...” அங்கேயே நின்றுவிட்டார். மனைவியைப் பார்த்தார். தாளின் கீழ்ப் பாதியைப் பார்த்தார். தன் கையெழுத்தை யாரோ எழுதியது போலப் பார்த்தார்.

“உன்னை நினைச்சு எழுதலைம்மா.”

“தெரியும். என்னை நினைச்சிருந்தா எழுதியிருக்க மாட்டீங்க.”

மனைவி மேலும் சொன்னார், குரலை உயர்த்தாமல். “என்கிட்டயும் ஒரு கேள்வி இருந்ததுங்க. அன்னைக்கு நான் கோர்ட்டுக்குப் போன் பண்ணேன். குமாஸ்தா சீட்டு எழுதி உங்க கையில கொடுத்தேன்னார். பதினஞ்சு நிமிஷத்துல வர்ற தூரம். உங்ககிட்ட கார் இருந்தது. சீட்டைப் படிச்சுட்டும் நீங்க மத்தியானம் ஒரு மணி வரைக்கும் அங்கேயே நின்னு கேள்வி கேட்டீங்க. ஏன்னு நான் உங்களைக் கேட்டேனா?”

டீச்சர் கைப்பையிலிருந்து அந்த மஞ்சள் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “இது கவுனுக்குள்ள கிடந்ததாம். நான் பிரிக்கலை. எனக்கு முன்னாடியும் யாரும் பிரிக்கலை. குண்டூசி துருப்பிடிச்சுக் காகிதத்தோட ஒட்டிப்போயிருக்கு பாருங்க. எடுத்துட்டு மறுபடி குத்தியிருந்தா ரெண்டாவது ஓட்டை இருக்கும். இல்லை.”

மனைவி ஊசியைப் பார்த்தார். பிறகு கணவரை. “நீங்க படிக்கவே இல்லையா?”

“முடிச்சுட்டுப் பார்க்கலாம்னு பாக்கெட்ல போட்டேன். அப்புறம் தேடினேன். பாக்கெட்ல இல்லை. குமாஸ்தா வாயாலதான் விஷயம் தெரிஞ்சுது.”

“ஏன் சொல்லலை?”

“என்னன்னு சொல்வேன்? படிச்சுட்டு நின்னவன்னா, ஏதோ காரணம் இருந்திருக்கும்னாவது நீ நினைப்பே. பார்க்கக்கூட இல்லைன்னு எப்படிச் சொல்வேன்?” அவர் தாளையும் கையிலிருந்த கார் சாவியையும் மேஜையில் வைத்துவிட்டு, மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். “உன்னைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? பக்கத்துல இருந்திருந்தா பிழைச்சிருப்பானான்னு தினமும் நான் கேட்டது என்னைத்தான். கேட்டுக் கேட்டு அது பழகிப்போச்சு. இந்த வழக்குக் கட்டைப் பிரிச்சதும் அதுவா வந்து தாள்ல உட்கார்ந்துடுச்சு. யார் கேள்வின்னுகூட எனக்குத் தெரியலை.”

குண்டூசியை நகத்தால் நெம்பி எடுத்தார். அது உடைந்து இரண்டாக வந்தது. சீட்டைப் பிரித்து, உதடு அசையப் படித்தார்.

‘குழந்தைக்கு ரொம்ப முடியவில்லை. உடனே வீட்டுக்கு வரச் சொன்னார்கள். மணி 11.10.’

வக்கீல் எழுந்தார். மேஜையிலிருந்து கார் சாவியை எடுத்தார். வாசலுக்குப் போய் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு மற்றதைக் காலால் தேடினார்.

“எங்கே போறீங்க?” என்று கேட்டார் மனைவி.

“வீட்டுக்கு,” என்றார் அவர்.

*

வெள்ளிக்கிழமை, பத்தரை மணி. தையல்காரம்மா கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்வரிசையில் அந்த நர்ஸ், கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டு. நீதிபதி கண்ணாடியைச் சரி செய்தார். “எதிர்த்தரப்பு வக்கீல், மேலே கேள்வி உண்டா?”

வக்கீல் எழுந்தார். கையில் தாள் எதுவும் இல்லை. வலது கையைக் கவுன் பாக்கெட்டுக்குள் விட்டார். வெளியே எடுக்கவில்லை. நீதிபதி காத்திருந்தார். சுருக்கெழுத்துக்காரரின் பேனா காத்திருந்தது.

“கேள்வி இல்லை.”

தையல்காரம்மாவின் கை கம்பியிலிருந்து மெல்லக் கழன்றது. நர்ஸ் தலையைத் தூக்கவில்லை.

“பாக்கெட்ல என்ன டீச்சர்?” என்று கிசுகிசுத்தான் விசில்.

“ஒரு தாள். ஒரு சீட்டு.”

“மறுபடி விழுந்துடாதே?”

“விழாது. நல்ல தையல்.”

விசில் பார்வையாளர் வரிசைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தான், பழைய பழக்கத்தில். “சார் வீட்டம்மா வரலையே.”

“காலையில தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. எத்தனை நாள்னு அவர் கேட்டாராம்.”

“கேட்டுட்டாரா! என்ன சொன்னாங்களாம்?”

டீச்சர் நோட்டைத் திறந்து, நேற்று எழுதிய இரண்டு வரிகளைப் பார்த்தார். ‘யாரும் பார்க்கலை. யாரும் இல்லை.’ இரண்டையும் அடித்தார்.

“பெட்டியைக் கீழே வச்சுட்டு, வாசல்லயே ரொம்ப நேரம் நின்னாங்களாம். பதில் சொல்லாமலே பஸ் ஏறிட்டாங்களாம்.”